புதுவளவு ஒழுங்கையின் குப்பைக்கூட்டை அகற்றித் தரக் கோரல்

அனுப்புபவர்:
திருமதி சர்மினி டனிஸ்டன்,
செயலாளர், மாதர் அபிவிருத்திச் சங்கம்,
இல. 23/4, புதுவளவு ஒழுங்கை,
புன்னைமுனை - 03.

பெறுபவர்:
கௌரவ தவிசாளர் அவர்கள்,
பிரதேச சபை,
புன்னைமுனை.

விடயம்: ஒழுங்கை வாயிலில் வைக்கப்பட்ட குப்பைக்கூட்டினாலும், வீட்டுக் கழிவு சேகரிப்பு முறையை மாற்றியதாலும் நேர்ந்தவை பற்றியது

மதிப்புக்குரிய ஐயா,

1. தாங்கள் இவ்வருடம் ஜூன் மாதத்தில் பதவியேற்றீர்கள். இங்கு நான் எழுதுவனவற்றின் தொடக்கம் அதற்கு முந்தியது. ஆகவே தங்களைக் குறை கூறுவதாக இதனை எடுத்துக்கொள்ள வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதே விடயமாக ஜூன் 23, ஜூலை 11, ஓகஸ்ட் 4 ஆகிய திகதிகளில் நான் கையளித்த மூன்று கடிதங்களும் சபையின் கோவையில் இருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பதில் கிடைத்தது: "தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது." இது நான்காவது கடிதம். முந்திய மூன்றையும் எழுதியபோது என்னிடம் இருந்த நம்பிக்கை இப்போது இல்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

2. நான் எங்கள் ஒழுங்கையின் நடுவில் வசிக்கிறேன். வீட்டோடு சேர்ந்த அறையில் பதினான்கு வருடங்களாக முன்பள்ளி நடத்துகிறேன். எங்கள் ஒழுங்கையில் நாற்பத்தொரு வீடுகள். கோயில் பக்கமாக உள்ளவை பெரும்பாலும் எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள். பிரதான வீதிப் பக்கமாக உள்ளவை முஸ்லிம் குடும்பங்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் என்னிடம்தான் முதலெழுத்துப் படித்தார்கள். அதனால் இரு பக்கத்தாரும் என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். இதனைப் பெருமைக்காக எழுதவில்லை. என் சொல்லை அவர்கள் ஏன் கேட்டார்கள் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

3. கடந்த ஜனவரி வரையில் செவ்வாயும் வெள்ளியும் சபையின் உழவு இயந்திரம் ஒழுங்கைக்குள் வரும். சபைத் தொழிலாளி தம்பிமுத்து அண்ணன் பின்பெட்டியில் நின்று வாளிகளை வாங்கிக் கொட்டித் திருப்பித் தருவார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் முதுகு நோவு, எந்த வாளிக்குக் காது இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதில் குறை சொல்ல எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை. யாரும் மாற்றம் கேட்டு மனு எழுதவுமில்லை.

4. ஜனவரி 20ஆந் திகதி வீடுவீடாக ஓர் அறிவித்தல் வந்தது. பெப்ரவரி முதல் வாகனம் ஒழுங்கைக்குள் வராது. ஒழுங்கை வாயிலில் கம்பிக்கூடு ஒன்று வைக்கப்படும். உக்கக்கூடியதைப் பச்சை வாளியிலும், பிளாஸ்டிக், கண்ணாடி, கடதாசி ஆகியவற்றைத் தனித்தனிப் பைகளிலும் கொண்டுவந்து வைக்க வேண்டும். திங்கட்கிழமைகளில் உக்கும் கழிவும், மாதத்தில் இரண்டு வியாழக்கிழமைகளில் மற்றவையும் எடுக்கப்படும். குப்பையை எரித்தால் சட்ட நடவடிக்கை. ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமை எனது முன்பள்ளியிலேயே கூட்டம் நடந்தது. கழிவுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த உத்தியோகத்தர் வந்து பேசினார். பிரித்துத் தரும் பிளாஸ்டிக் மீண்டும் பொருளாகும் என்றும், உக்கியது பசளையாகி வயல்களுக்குப் போகும் என்றும் படம் போட்டுக் காட்டினார். நான் அவரை நம்பினேன். இன்று யோசித்தால் அவரும் தாம் சொன்னதை நம்பியிருக்கக்கூடும்.

5. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நாற்பத்தொரு வீட்டுக்கும் நான் நடந்தேன். யோகட் கப்பைக் கழுவாமல் போடக்கூடாது, தகரப்பேணியின் வாயை உள்ளே மடிக்க வேண்டும் என்று வாசலில் நின்று செய்து காட்டினேன். கூட்டை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. வாயிலை அண்டிய மூன்று வீட்டார் தங்கள் மதில் பக்கம் வேண்டாம் என்றார்கள். நான்காவதாக சல்மா உம்மாவிடம் போனேன்.

6. சல்மா உம்மா யார் என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வயது ஐம்பத்தாறு. கணவர் காலமாகி ஒன்பது வருடங்கள். ஒரே மகள் பஹ்மிதா தையல் வேலை செய்கிறாள். சல்மா உம்மா இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். சுபஹ் தொழுகை முடிந்த கையோடு அடுப்பு மூட்டினால், கல்முனைக்குப் போகும் முதல் பஸ் வருவதற்குள் நான்கு சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெட்டி போய்விடும். எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் சுகமில்லை என்றாலும் அன்று காலை அந்த வீட்டுக்கு ஓர் இடியப்பப் பார்சல் வரும். என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது பத்து நாளும் வந்தது. அவருடைய குசினிச் சுவரும் ஒழுங்கை வாயில் மதிலும் ஒன்றேதான். அதைத் தெரிந்துகொண்டே நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேற ஆரும் வந்து கேட்டிருந்தா ஏலா எண்டுதான் செல்லியிருப்பன். நீங்க கேக்கீங்க டீச்சர். வைங்க. ஆனா நாத்தம் வந்தா ஒங்களத்தான் புடிப்பன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

7. முதல் மூன்று மாதங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். நோன்பு மாதத்தில், வேலை கூடிய நேரத்திலும், எவரும் பையை மாற்றி வைக்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் ஷம்போ போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பதைக் கண்டு எனக்குப் பெருமையாக இருந்தது. சபையிலிருந்து வந்து கூட்டுக்கு முன்னால் எங்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சல்மா உம்மா படத்துக்கு நிற்கமாட்டேன் என்று குசினிக்குள் போய்விட்டார். நான் நின்றேன்.

8. ஏப்ரல் கடைசியிலிருந்து வாகனம் நாள் தவற ஆரம்பித்தது. மே 15 வியாழக்கிழமை பிளாஸ்டிக் பைகளை ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரத்துக்குப் பின்னால், என் கணவரின் மோட்டார் சைக்கிளில் நானும் போனேன். சந்தேகப்பட்டுப் போகவில்லை. தரம் பிரிக்கும் நிலையத்தைப் பார்த்துவந்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்றுதான் போனேன். வாகனம் களப்புப் பக்கமாகத் திரும்பியது. வயல் முடிந்து சதுப்பு நிலத்துக் கண்ணா மரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பள்ளம். திங்கட்கிழமை கொட்டிய பச்சை வாளிக் குப்பையின் மேலேயே கழுவிய போத்தல், மடித்த கடதாசி எல்லாம் ஒரே குவியலாகச் சரிக்கப்பட்டன. மாடுகள் அதற்குள் நின்றன. தம்பிமுத்து அண்ணன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவராகவே சொன்னார்: "என்னைப் பாக்காதீங்க டீச்சர். பிரிச்சதக் கொண்டு போறதுக்கு ஒரு இடம் இரிக்கோணும். அந்த நிலையம் இன்னும் கட்டவே இல்ல. கொட்டச் சொன்ன இடத்தில கொட்டுறம். முதல் நாளிலிருந்து இப்பிடித்தான்."

9. கௌரவ தவிசாளர் அவர்களே, இந்த இடத்தில் என் குற்றத்தை எழுத வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பது நாட்கள் சொல்லவில்லை. சொன்னால் மாதக்கணக்காகக் கட்டிவைத்தது ஒரே நாளில் கலைந்துவிடும், அதற்குள் சபை ஏதாவது ஒழுங்கு செய்யும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பத்தொன்பது நாட்களிலும் நானும் கப்புகளைக் கழுவிக் கூட்டில் கொண்டுபோய் வைத்தேன், மற்றவர்களும் வைத்தார்கள். ஜூன் 3ஆந் திகதி சல்மா உம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, "அப்ப நாம கழுவினதெல்லாம் ஆருக்கு டீச்சர்?" என்று கேட்டார்.

10. ஜூன் 9ஆந் திகதிக்குப் பிறகு வாகனம் ஒழுங்காக வந்ததே இல்லை. இயந்திரம் பழுது என்றார்கள். ஜூலையில் ஒரு தடவையும் ஓகஸ்டில் ஒரு தடவையும் வந்து மேலோட்டமாக வாரிக்கொண்டு போனது. திறந்த கூடு வாயிலில் இருப்பதால் பிரதான வீதியால் போவோரும், கடைக்காரரும், கலியாண மண்டபத்தாரும் அதிலேயே எறிந்தார்கள். கோழிக் கழிவும் வந்தது. கூடு நிரம்பி, அதன் அடி நனைந்து, கறுத்த நீர் மதிலின் கீழால் சல்மா உம்மாவின் குசினிக்குள் கசிந்தது. நாய், காகம், எலி, மொய்க்கும் இலையான். பகல் முழுதும் அவருடைய குசினி யன்னல் மூடியே இருந்தது. அடுப்புப் புகைக்குள் நின்று அவர் இடியப்பம் பிழிந்தார்.

11. ஜூலை 17ஆந் திகதி, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முர்ஷித் என்பவர் உணவு தயாரிக்கும் இடங்களைப் பார்வையிட வந்தார். இலையான் மொய்ப்பதைக் கண்டார். மறு அறிவித்தல் வரை அங்கு உணவு தயாரிக்கக் கூடாதென எழுதிக் கொடுத்தார். பஹ்மிதா ஓடிவந்து கூப்பிட, நானும் போய் நின்றேன். சல்மா உம்மா அவரிடம் கேட்டது இதுதான்: "இலையான நான் வளக்கல்ல மகன். அது கூட்டில இரிந்து வருது. கூட்ட வெச்சது சபை. என்ட அடுப்ப ஏன் அணைக்கீங்க?" அந்த இளம் பரிசோதகரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "எனக்கு விளங்குது உம்மா. ஆனா கண்டத எழுதாம விடேலாது. நாளைக்கு ஒருத்தருக்கு வயிறு கெட்டா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். அவர் தன் கடமையைச் செய்தார். அவர்மீது எனக்கு முறைப்பாடு இல்லை.

12. மறுநாள் இருவரும் சபைக்கு வந்தோம். கூடு சபையுடையதுதான், ஆனால் இலையான் சுகாதார அலுவலகத்துக்குரிய விடயம் என்று கருமபீடத்தில் சொன்னார்கள். சுகாதார அலுவலகத்தில், இலையானுக்கு மருந்து அடிக்கலாம், ஆனால் குப்பையை எடுத்தால்தான் பயன் உண்டு, அது சபையின் வேலை என்றார்கள். இரண்டு அலுவலகத்தாரும் மரியாதையாகவே கதைத்தார்கள். இருக்கச் சொல்லிக் கதிரையும் தந்தார்கள். இருவரும் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் சல்மா உம்மா, "நாம ரெண்டு பேரும் கூட்டத் துப்பரவாக்குவம்" என்றார்.

13. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் அந்தக் கூட்டைத் துப்புரவு செய்தோம். ஒழுங்கையில் மற்றவர்களுக்கு என்மீதும் கூட்டின்மீதும் வெறுப்பு வந்துவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வாரிய குப்பையை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வந்தபோது, சபை வாகனம் கொட்டும் பள்ளத்தின் வழியை அவருக்குச் சொன்னது நான்தான். ஓகஸ்ட் மாதத்தில் மூன்று நாட்கள் அவர் தனியாகத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார். மூன்றாம் நாள் ஓகஸ்ட் 21. பள்ளத்துக்கு இருநூறு அடி இருக்கும்போது வண்டியின் சில்லு சேற்றில் புதைந்துவிட்டது. தள்ள முடியாமல் அந்த இடத்திலேயே இறக்கியிருக்கிறார். அவ்வழியால் வந்த சபையின் கண்காணிப்பு உத்தியோகத்தர்கள் படம் பிடித்து, பொது இடத்தில் கழிவு கொட்டியதாக வழக்குப் பதிந்தார்கள். சபை வாகனம் வழமையாகக் கொட்டும் பள்ளம் அந்தப் படத்தின் மூலையில் தெரிகிறது. நான் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

14. செப்டம்பர் 9ஆந் திகதி நீதிமன்றத்துக்கு அவரோடு போனேன். அதுவரை அவர் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. முழு விடயத்தையும் எடுத்துச் சொல்லுங்கள், நான் சாட்சிக்கு வருகிறேன் என்று கெஞ்சினேன். "கதைக்கப் போனா இன்னொரு திகதி போடுவாங்க டீச்சர். இன்னொரு நாள் என்னால இஞ்ச வந்து நிக்கேலா" என்றார். பெயரைக் கூப்பிட்டதும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சட்டப்படி தண்டம் விதிக்கப்பட்டது. அதைக் கட்டிவிட்டு பஸ்ஸில் வரும்போது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன்: "இவ்வளவு காலமும் இடியப்பக்காரி எண்டு கூப்பிட்ட சனம். இனிக் குப்பக்காரி எண்டுதான் செல்லும்."

15. செப்டம்பர் 12 பின்னேரம் மழை பெய்தது. மறுநாள் சனிக்கிழமை காலை கூட்டின் அடியில் நீர் கட்டி, குசினிக்குள் கணுக்கால் அளவு நின்றது. இருவரும் இறங்கி வாளியால் அள்ளினோம். என் கணவர் டனிஸ்டன் மேசன் வேலைக்குப் போடும் இறப்பர்ச் சப்பாத்து முழங்கால் வரை என் காலில் இருந்தது. சல்மா உம்மாவுக்கு நான் கையுறை கொடுத்தேன். காலுக்கு அவரிடம் வீட்டுச் செருப்பு மட்டுமே. அது நீரில் மிதந்து போனதும் வெறுங்காலோடு நின்றார். அவருடைய குதிக்கால்கள் வெடித்திருந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், என் சப்பாத்தைக் கழற்றிக் கொடுக்கவோ, இறங்க வேண்டாம் என்று தடுக்கவோ எனக்குத் தோன்றவில்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் இருந்தது.

16. செப்டம்பர் 24ஆந் திகதி அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் பனடோல் குடித்தார். கெண்டைக்கால் உளைகிறது என்று எழும்பாமல் படுத்துவிட்டார். 27ஆந் திகதி கண் சிவந்து, சிறுநீர் நின்றுவிட்ட நிலையில், பஹ்மிதாவும் நானும் முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். எலிக்காய்ச்சல் என்று வைத்தியர் சந்தேகித்தார். எலி நடமாடும் நீரில் நின்றால் வருவது என்று சொல்லி, வயலில் இறங்கினாரா என்று கேட்டார். "எங்களுக்கு வயல் இல்ல டொக்டர்" என்றாள் பஹ்மிதா. கூட்டைப் பற்றி நான் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். இரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. செப்டம்பர் 30 காலை ஏழு மணியளவில் சல்மா உம்மா மௌத்தானார். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் நடந்தது. ஜனாஸாவை ஒழுங்கையால் எடுத்துப் போனபோது, கூட்டிலிருந்து வீதியில் சரிந்து கிடந்த பைகளைத் தம்பிமுத்து அண்ணன் தன் விடுமுறை நாளிலும் வந்து கையால் ஒதுக்கி வழி விட்டார். சபையின் சார்பில் அன்று எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர் அவர் ஒருவரே. அவரையும் சபை அனுப்பவில்லை.

17. நான் வைத்தியம் படித்தவள் அல்ல. அந்தக் கூடுதான் அவரைக் கொன்றது என்று சான்றிதழ் தர என்னால் முடியாது. சபை வாகனம் வந்திருந்தால் இருவரும் அந்த நீரில் இறங்கியிருக்கமாட்டோம் என்பதை மட்டும் எந்த இடத்திலும் நின்று சொல்வேன். கூட்டை அங்கே வைக்கக் கேட்டவள் நான் என்பதையும் அதே இடத்தில் நின்று சொல்வேன்.

18. இம்மாதம் 9ஆந் திகதி எனக்குச் சபையிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தது. புதுவளவு ஒழுங்கை முன்மாதிரி ஒழுங்கையாகத் தெரிவு செய்யப்பட்டிருப்பதாகவும், இரண்டாம் கட்டமாக மேலும் ஆறு ஒழுங்கைகளில் இதே முறை ஆரம்பிக்கப்படவுள்ளதால் வீட்டுத் தரிசிப்புக்கும் விளக்கமளிப்புக்கும் எனது ஒத்துழைப்பு வேண்டுமென்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. அக்கடிதத்தை எழுதியவருக்கு எங்கள் ஒழுங்கையில் நடந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நான் எழுதிய மூன்று கடிதங்களும் அதே அலுவலகத்தில்தான் இருக்கின்றன. இந்தப் பணிக்கு என்னால் வர முடியாது. இன்னொரு வாசலில் நின்று, கழுவி வையுங்கள், சபை எடுத்துப் போகும் என்று சொல்ல என் நா எழாது.

19. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன:

அ) புதுவளவு ஒழுங்கை வாயிலிலுள்ள கம்பிக்கூட்டை உடனடியாக அகற்றி, அந்த இடத்தைக் கிருமிநீக்கம் செய்து தர வேண்டும்.

ஆ) முன்போல வாகனம் ஒழுங்கைக்குள் வர வேண்டும். பிரித்துத் தரச் சொன்னால் இப்போதும் பிரித்துத் தருகிறோம். பிரித்ததைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடத்தைக் கட்டிய பின்பு சொல்லுங்கள். அதுவரையில் மற்ற ஆறு ஒழுங்கைகளிலும் எவர் வீட்டு மதிலோரமும் கூடு வைக்க வேண்டாம்.

இ) களப்போரப் பள்ளத்தில் கொட்டுவதை நிறுத்த வேண்டும். சல்மா உம்மாவைத் தண்டித்த அதே செயலைச் சபை தொடர்ந்து செய்வது எவ்வகையில் நியாயம் என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

ஈ) வழக்கு முடிந்துவிட்டது. ஆளும் இல்லை. ஆனால் என்ன நிலையில் அந்தப் பெண் வண்டி தள்ளினார் என்பதைச் சபை எழுத்தில் ஒப்புக்கொண்டு மகள் பஹ்மிதாவுக்கு ஒரு கடிதம் தர வேண்டும். வேறு நட்டஈடு எதையும் அவள் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

20. மேற்சொன்னவற்றுக்குக் கூட்டம் கூட வேண்டும், தீர்மானம் நிறைவேற வேண்டும், காலம் எடுக்கும் என்பதை நான் அறிவேன். எத்தனை காலம் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். ஆனால் காலம் எடுக்க முடியாத விடயம் ஒன்று இருக்கிறது. நேற்றுக் காலை பஹ்மிதா என் வீட்டுக்கு வந்தாள். தாயின் நல்ல உடுப்புகளை எளிய குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டாள். காய்ச்சலில் அவர் படுத்திருந்த பஞ்சு மெத்தையும் தலையணையும் மட்டும் குசினிச் சுவரோடு சாய்ந்தபடி நிற்கின்றன. அதை யாருக்கும் கொடுக்க முடியாது. "கூட்டுக்குள்ள போட எனக்கு மனசு வருகுதில்ல டீச்சர். எரிச்சா வழக்குப் போடுவாங்களாம். நீங்கதானே எல்லாத்துக்கும் பிரிச்சுப் பிரிச்சு செல்லித் தந்தீங்க. இத எந்தப் பையில போடுற?" என்று கேட்டாள். அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். நான் உள்ளே போய்ச் சபையின் அறிவித்தலை எடுத்து இரண்டு பக்கமும் வாசித்துப் பார்த்தேன். அதில் மெத்தை இல்லை.

மற்றக் கோரிக்கைகளைத் தாங்கள் எப்போது பார்த்தாலும் சரி, பார்க்காமலே விட்டாலும் சரி. இந்த வாரத்துக்குள் ஒரேயொரு தடவை, ஒரேயொரு வீட்டுக்காக, ஒரு வாகனத்தை எங்கள் ஒழுங்கைக்குள் அனுப்பிவையுங்கள். ஆள் இல்லையென்றால் ஆள் வேண்டாம். நானே தூக்கி ஏற்றிவிடுகிறேன்.

இங்ஙனம் தங்கள் தயவை வேண்டி நிற்பவள்,

(ஒப்பம்) சர்மினி டனிஸ்டன்

இடம்: புன்னைமுனை
திகதி: 2025.10.14